ஆஃபர் வரை வந்த வேலையிலிருந்து முறையாக விலகுவது எப்படி?

நேர்காணல்களை எல்லாம் முடித்து, சம்பளமும் பேசி, சில சமயம் ஆஃபர் லெட்டரில் கையொப்பமும் இட்ட பிறகு "நான் வரப்போவதில்லை" என்று சொல்ல வேண்டிய நிலை, சென்னை, கோவை, பெங்களூரு ஐடி வட்டாரத்தில் இன்று வெகு சாதாரணமாகிவிட்டது. இதற்கு முக்கியக் காரணம், ராஜினாமா செய்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள் என்பதால், ராஜினாமா செய்த நாளுக்கும் புதிய இடத்தில் சேரும் நாளுக்கும் இடையே மூன்று மாதம் கிடக்கிறது. ஏற்கெனவே நோட்டீஸில் இருப்பவரை விரைவில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த மூன்று மாதமும் அவருக்கு வேறு இடங்களிலிருந்து அழைப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன. நிறுவனங்களுக்கும் இது தெரியும். ஆஃபர் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் சேரமாட்டார்கள் என்று கணக்கிட்டே அவை ஆள் எடுக்கின்றன.

எனவே, விலகுவதையே பெருங்குற்றமாக நினைத்து முதல்முறை வேலை மாறுபவர்கள் குறுகிப்போக வேண்டியதில்லை. கெடுதல் பெரும்பாலும் விலகுவதில் இல்லை. அதைச் சொல்லாமல் இழுத்தடிப்பதில் இருக்கிறது. முடிவு உறுதியான அன்றே, சொல்ல வேண்டியவரிடம், மறுபேச்சுக்கு இடம் வைக்காமல் சொல்லிவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் அதோடு விட்டுவிடுகின்றன. முடிவு உறுதியாகும் முன்பே சொல்லிவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. அதில் நட்டம் முழுவதும் உங்களுக்கே. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான நாளைக் கண்டுகொள்வதற்கான வழிமுறையே கீழே உள்ளது.

முதலில், எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

கடைசிச் சுற்று நேர்காணல் முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் கட்டத்தில் விலகுவது மிக எளிது. ஒரு மெயில் போதும், விளக்கம் தேவையில்லை. சம்பளப் பேச்சு முடிந்து ஆஃபர் லெட்டர் இன்னும் வராத நிலையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் சம்பளத்துக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவதற்கு எச்ஆர் எனப்படும் மனிதவள அலுவலர் பலரிடம் பேசியிருப்பார் என்பதால், மெயிலுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு மரியாதை.

ஆஃபர் லெட்டர் வந்து, நீங்கள் இன்னும் ஏற்காத நிலையில், லெட்டரில் குறிப்பிட்ட கெடு தேதி முக்கியம். அந்தத் தேதி கடந்தால் ஆஃபர் தானாகவே காலாவதியாகிவிடும் என்று சும்மா இருப்பவர்கள் உண்டு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் உங்களுக்காக இடத்தைப் பிடித்து வைத்து, அடுத்த நிலையில் இருந்தவருக்குப் பதில் சொல்லாமல் வைத்திருக்கும் எச்ஆர், உங்கள் மௌனத்தை மறக்கமாட்டார்.

ஆஃபரை ஏற்ற பிறகும், பிஜிவி எனப்படும் பின்னணிச் சரிபார்ப்பு தொடங்கிய பிறகும், சேரும் தேதிக்கு முந்தைய வாரத்திலும் விலகுவதுதான் கடினமானது. இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

விலகத்தான் வேண்டுமா?

விலக நினைக்கும் காரணத்தை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். சம்பளம் குறைவு, அலுவலகம் சிறுசேரியில் இருக்கிறது, வீடோ அம்பத்தூரில், வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்கிறார்கள், சேரும் தேதி ஒத்துவரவில்லை என்பன போன்ற காரணங்கள் என்றால், அவை பேசித் தீர்க்கக்கூடியவை. விலகுவதாகச் சொல்வதற்கு முன் அதை ஒரு கோரிக்கையாக ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர்கள் மறுத்தால் உங்கள் முடிவு இன்னும் தெளிவாகும். செய்யக்கூடாதது, விலகுகிறேன் என்று அறிவித்துவிட்டு அதை வைத்துச் சம்பளத்தை ஏற்ற முயல்வது. அப்படி ஏற்றி வாங்கியவர்கள் உண்டுதான். சேர்ந்த நாளிலிருந்து மேலாளர் அவர்களை எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மேலாளரின் பேச்சுமுறை பிடிக்கவில்லை, சொன்ன வேலையும் லெட்டரில் உள்ள வேலையும் வேறுவேறு, இப்போதைய நிறுவனமே உயர்த்தித் தருகிறது, இதைவிட நல்ல இடம் கிடைத்துவிட்டது என்பன பேச்சில் தீராதவை. அவற்றுக்கு விலகலே வழி.

மறுபக்கம் எழுத்தில் வந்துவிட்டதா?

வேறொரு வேலைக்காக விலகுகிறீர்கள் என்றால், அந்த வேலையின் ஆஃபர் லெட்டர், சம்பளப் பிரிப்பு, சேரும் தேதி, பணியிடம் ஆகிய நான்கும் எழுத்தில் கைக்கு வரும்வரை முதல் இடத்தில் வாய் திறக்காதீர்கள். "அப்ரூவல் ஆகிவிட்டது, லெட்டர் நாளைக்கு வந்துவிடும்" என்ற வாட்ஸ்அப் செய்தி லெட்டர் ஆகாது. எழுத்தில் வந்த ஆஃபர்கூட எப்போதும் அசையாதது அல்ல. 2022ஆம் ஆண்டில் கல்லூரி முடித்த புதியவர்கள் பலர், ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில் ஒரு பெரிய ஐடி நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று பேசி வைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டதும் செய்தியானது. நிறுவனத்தின் பக்கமும் வாக்கு மாறுவதுண்டு என்பதை அறிந்திருப்பது, விலகும்போது தேவைக்கு மேல் கூனிக்குறுகாமல் இருக்க உதவும்.

இப்போதைய நிறுவனத்திலேயே தங்கிவிடத் தீர்மானித்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. மேலாளர் தோளில் தட்டி "நீ இருப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னதை நம்பிப் புதிய ஆஃபரை விட்டுவிடாதீர்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறும் உங்கள் கோரிக்கையை எச்ஆர் ஏற்றுக்கொண்டதாக மெயிலும், திருத்திய சம்பளம் எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிட்ட கடிதமும் வந்த பிறகுதான் மறுபக்கம் பேச வேண்டும். ராஜினாமா அலுவலக மென்பொருளில் ஏறியிருந்தால், அங்கும் அது ரத்தாகியிருக்கிறதா, கடைசி வேலைநாள் என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மேலாளர் சரி என்ற பிறகும் மென்பொருளில் ராஜினாமா அப்படியே நின்று, குறித்த நாளில் மெயிலும் அடையாள அட்டையும் முடங்கிப்போவது நடக்காத காரியமல்ல.

ஆஃபர் லெட்டரை மறுபடி படியுங்கள்

முதல்முறை படிக்கும்போது எல்லோரும் சம்பளப் பக்கத்தைத்தான் பார்க்கிறோம். இப்போது படிக்க வேண்டியது நிபந்தனைப் பக்கங்கள். ஏற்ற பிறகு சேராவிட்டால் தொகை எதுவும் கட்ட வேண்டும் என்று இருக்கிறதா, பயணச்சீட்டு, தங்குமிடம், வீடு மாற்றும் செலவு, முன்கூட்டியே தந்த போனஸ் போன்றவற்றைத் திருப்பித் தரச் சொல்கிறதா, குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவதாக எழுதித் தரும் பாண்ட் எதிலாவது தனியாகக் கையொப்பமிட்டீர்களா என்று பாருங்கள்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒரு தரப்பு முன்வைத்ததை மறுதரப்பு ஏற்றுத் தெரிவித்தால்தான் ஒப்பந்தம் உருவாகும். எனவே நீங்கள் ஏற்காத ஆஃபரை மறுப்பதில் எந்தப் பொறுப்பும் இல்லை. ஏற்ற பிறகு வராமலிருப்பதை ஒப்பந்த மீறல் என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. ஆனால் ஒருவர் விரும்பாத இடத்தில் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. நிறுவனம் இழப்பீடு மட்டுமே கேட்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிப்பிட்டிருந்தாலும், அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இதை வைத்துக்கொண்டு பாண்ட் என்றாலே வெற்றுக் காகிதம் என்றும் முடிவு செய்துவிடக்கூடாது. மூன்று ஆண்டு முடியும் முன் பணியை விட்டால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று, விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கியில் சேர்ந்து பணியாற்றியபின் விலகியவர் பற்றிய வழக்கு. சேராமலே விலகுபவரின் நிலை வேறு. இருந்தாலும், உங்கள் லெட்டரில் தொகை குறிப்பிட்ட நிபந்தனை இருந்தால், விலகல் மெயிலை அனுப்பும் முன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. அப்படி எதுவும் இல்லாத சாதாரண ஆஃபர் லெட்டருக்கு இந்த அச்சம் தேவையில்லை.

யாரிடம் முதலில் சொல்வது?

நேரடியாக விண்ணப்பித்திருந்தால், உங்களோடு தொடர்பில் இருந்த எச்ஆரிடம் சொல்ல வேண்டும். உங்களை நேர்காணல் செய்த மேலாளருடன் நேரடியாகப் பேசிப் பழகியிருந்தால், எச்ஆரிடம் சொன்ன பிறகு அவருக்கும் தனியாக இரண்டு வரி அனுப்பலாம். முதலில் மேலாளரிடம் போனால் எச்ஆருக்குத் தர்மசங்கடம்.

நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்ட் மூலம் போயிருந்தால் அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். இங்கே அவருடைய நிலையைப் புரிந்துகொள்வது பயன்தரும். ஒருவரைச் சேர்த்துவிடுவதற்கு கன்சல்டன்சிக்கு நிறுவனம் தரும் தொகை பல இடங்களில் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். அதுவும் ஆள் சேர்ந்த பிறகே கிடைக்கும். கடைசி நேரத்தில் நீங்கள் விலகினால் மாதக்கணக்கில் செய்த வேலை அவருக்கு வீண். ஆகவே அவர் கெஞ்சலாம், கோபப்படலாம், நிறுவனத்திடம் உங்கள் முடிவைச் சொல்லாமல் சில நாள் தள்ளிப்போடவும் பார்க்கலாம். அதனால் அவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அனுப்பும் மெயிலில் நிறுவனத்தின் எச்ஆரையும் நகலில் சேர்த்துவிடுங்கள்.

நண்பரோ பழைய சக ஊழியரோ பரிந்துரைத்து உள்ளே போயிருந்தால், எச்ஆருக்குச் சொல்வதற்குச் சற்று முன் அவருக்குச் சொல்லுங்கள். பரிந்துரைக்கான ஊக்கத்தொகை போவதைவிட, "நீங்கள் சொன்ன ஆள் வரவில்லையாமே" என்று மேலாளர் கேட்கும்போது விழிப்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருக்கும்.

தொலைபேசி அழைப்பு

ஆஃபரை ஏற்ற பிறகு விலகுபவர்கள் மெயிலை மட்டும் அனுப்பிவிட்டு எண்ணை முடக்கி வைப்பதைத் தவிர்க்க வேண்டும். வேலைநாளில் முற்பகல் நேரத்தில் அழைத்து, முதல் இரண்டு வாக்கியத்திலேயே செய்தியைச் சொல்லிவிடுங்கள். நலம் விசாரித்து, வானிலை பேசி, பிறகு மெல்ல வருவது இருவருக்கும் அவஸ்தை. பேச்சு பெரும்பாலும் இந்த விதமாகப் போகும்:

"மேடம், ஒரு நிமிஷம் பேசலாங்களா? பதினாறாம் தேதி ஜாயின் பண்றதா இருந்தேன் இல்லீங்களா, நான் வேற ஒரு ஆஃபரை எடுத்துக்கிறதா முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட நேரா சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

"என்னங்க இது, லேப்டாப் எல்லாம் ரெடி பண்ணியாச்சு, இப்பப் போய் இப்படிச் சொல்றீங்க? எவ்வளவு குடுக்கறாங்க? நாங்க மேட்ச் பண்றோம்."

"சம்பளத்துக்காக மட்டும் எடுத்த முடிவு இல்லீங்க. முடிவு பண்ணிட்டேன். கடைசி நேரத்துல சொல்றதுக்கு மன்னிச்சுக்கங்க. இப்பவே மெயில் அனுப்பிடறேன்."

இந்த மூன்றாவது பதில்தான் முக்கியம். "யோசித்துச் சொல்கிறேன்" என்ற வாக்கியம் அடங்கியிருந்தால், அடுத்த மூன்று நாளில் எச்ஆரின் மேலதிகாரி, பிரிவுத் தலைவர், கன்சல்டன்ட் என்று வரிசையாக அழைப்பார்கள். எவ்வளவு தருகிறார்கள், எந்த நிறுவனம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. "அதைச் சொல்வது சரியாக இருக்காதுங்க" என்றால் போதும்.

சிலர் மிரட்டவும் செய்வார்கள். அதில் அடிக்கடி கேட்பது, உங்கள் பெயரை ஐடி நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமில் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிடுவோம் என்பது. நாஸ்காம் முன்னெடுப்பில் தொடங்கிய நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி, பணியாளர்களின் சரிபார்த்த விவரங்களை வைத்திருக்கும் பதிவேடு; ஆஃபரை மறுத்தவர்களின் பட்டியல் அல்ல. உண்மையில் நடக்கக்கூடியது, அந்த ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு மென்பொருளில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு ஏறுவது. அந்தக் குறிப்பு "ஆஃபரை மறுத்தார்" என்று இருப்பதற்கும் "சொல்லாமல் வராமல் போனார்" என்று இருப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. இரண்டாவதற்குத்தான் நோ ஷோ என்று பெயர். அது ஏறிய பெயரை மறுபடி அழைக்க எச்ஆர் துணியமாட்டார்.

காரணம் சொல்வதில் ஒரு விஷயம். பொய் சொல்லாதீர்கள். பத்து வரி உண்மையைச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு வரி உண்மை போதும். கடைசி நேர விலகல்களில் எத்தனை தந்தைமார்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள் என்பது எச்ஆர் வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்பா பெயரில் விலகியவரின் புதிய பதவி பத்தே நாளில் லிங்க்ட்இன்னில் வாழ்த்துகளோடு வந்து நிற்கும்.

மெயில்

பேசிய அன்றே அனுப்ப வேண்டும். உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சான்று இதுதான். அலுவலக மெயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். எந்த மொழியானாலும் அடங்க வேண்டியவை இவையே:

"வணக்கம். முதுநிலை மென்பொருள் பொறியாளர் பணிக்காக இம்மாதம் 3ஆம் தேதி தாங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டர் தொடர்பாக இன்று காலை தொலைபேசியில் தெரிவித்ததை இம்மெயில் வழியாக உறுதி செய்கிறேன். வேறொரு வாய்ப்பை ஏற்க முடிவு செய்துள்ளதால், நான் அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். 16ஆம் தேதி பணியில் சேர இயலாது. தாமதமாகத் தெரிவிப்பதால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன். தாங்களும் நேர்காணல் செய்தவர்களும் ஒதுக்கிய நேரத்துக்கு நன்றி. இம்மெயில் கிடைத்ததை உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பதவியின் பெயரும், ஆஃபர் தேதியும், சேர இயலாது என்ற தெளிவான சொல்லும், கிடைத்ததை உறுதி செய்யும் கோரிக்கையும் இருக்கின்றன. "தற்போதைக்கு", "சூழ்நிலை மாறினால்", "முடிந்தால் பிறகு" என்பன போன்ற சொற்கள் இல்லை. அவை இருந்தால் அது விலகல் கடிதமாகாமல் இன்னொரு பேச்சுவார்த்தைக்கு அழைப்பாகிவிடும். நிறுவனத்தின் குறைகளை எழுதவும் இது இடமல்ல. நேர்காணலில் உங்களை மூன்று மணி நேரம் காக்க வைத்தது உண்மையாகவே இருக்கட்டும். அதை எழுதி நீங்கள் பெறப்போவது ஒன்றுமில்லை. இரண்டு வேலைநாளில் பதில் வராவிட்டால் அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒருமுறை நினைவூட்டுங்கள். ஆஃபர் ஒரு தளத்தின் வழியாக வந்திருந்தால், அங்கும் நுழைந்து மறுப்பு என்பதை அழுத்திவிட்டு, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேரும் நாள் திங்கட்கிழமை என்றால், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சொல்வதும் சொல்லாததும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குள் அடையாள அட்டை அச்சாகி, பயிற்சி வகுப்பில் பெயர் ஏறியிருக்கும். புதன்கிழமையே முடிவு தெரிந்திருந்தால் புதன்கிழமையே சொல்லுங்கள்.

சேர்ந்துவிட்டு மூன்று நாளில் விட்டுவிடலாமா?

பலர் இதைச் சங்கடமில்லாத வழி என்று நினைக்கிறார்கள். சேருமுன் விலகுவதைவிட இது பல மடங்கு மோசம். சேராதவரை, யுஏஎன் என்ற எண்ணில் இயங்கும் உங்கள் வருங்கால வைப்புநிதிக் கணக்கில் அந்த நிறுவனத்தின் சுவடே இருக்காது. சேர்ந்து, நிறுவனம் உங்கள் பெயரை வருங்கால வைப்புநிதியில் ஏற்றிவிட்டால், சேர்ந்த தேதியோடு ஒரு பதிவு அங்கே நின்றுவிடும். அடுத்து வரும் நிறுவனங்கள் பல, பின்னணிச் சரிபார்ப்பில் அந்தக் கணக்கைப் பார்க்கின்றன. நீங்கள் ரெஸ்யூமில் எழுதாத ஒரு வேலை அங்கே தெரிந்தால், ஒரே காலத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தீர்களா என்ற கேள்வி வரும். விலகிய தேதியை அந்த நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதைச் சரிசெய்யும் வேலையும் உங்கள் தலையில் விழும். அதோடு, சேர்ந்த நொடியில் நீங்கள் அங்கும் நோட்டீஸ் பீரியடுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுகிறீர்கள்.

வளாகத் தேர்வில் கிடைத்த வேலை என்றால்

கல்லூரி மாணவர்கள் நிறுவனத்துக்கு எழுதும் முன் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் போக வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்ற விதியைப் பல கல்லூரிகள் கடைப்பிடிக்கின்றன. ஏற்ற ஆஃபரை விட்டவர் அதன் பிறகு வரும் நிறுவனங்களின் தேர்வில் உட்கார முடியாமல் போகலாம். மேற்படிப்புக்குப் போவதற்காக விலகுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்தால் பெரும்பாலும் கேள்வியே வராது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் உங்கள் ஜூனியர்களைத் தேர்வு செய்ய வர வேண்டும் என்பதால், அலுவலர் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலகிய பின் மீதமிருக்கும் வேலைகள்

நிறுவனம் லேப்டாப்பை முன்கூட்டியே கூரியரில் அனுப்பியிருந்தால், உறையைப் பிரிக்காமல் வைத்து, எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, கூரியர் ரசீதையும் அவர்கள் பெற்றுக்கொண்ட மெயிலையும் பத்திரப்படுத்துங்கள். சம்பளக் கணக்கு என்ற பெயரில் வங்கியில் புதிய கணக்கு தொடங்கியிருந்தால் அதை மூடிவிடுங்கள். சம்பளம் வராத கணக்கு சாதாரணக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று கட்டணம் பிடிக்க வாய்ப்புண்டு.

சரிபார்ப்புக்காக ஆதார், பான், சம்பளச் சீட்டுகள், சான்றிதழ்கள் எல்லாம் கொடுத்திருப்பீர்கள். விலகியதும் அந்த ஆவணங்களை நீக்கிவிடுமாறு எழுதிக் கேட்கலாம். 2023ஆம் ஆண்டில் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதற்கும் தரவை நீக்கக் கேட்பதற்கும் வழி செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. விலகலைச் சொல்லும் மெயிலிலேயே இதைச் சேர்க்காமல், ஒரு வாரம் கழித்துத் தனி மெயிலாகக் கேளுங்கள். சரிபார்ப்பு நிறுவனம் உங்கள் இப்போதைய அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளப்போவதாக இருந்தால் மட்டும் இதில் தாமதம் கூடாது. விலகிய அன்றே அந்த வேலையை நிறுத்தச் சொல்லி எச்ஆரிடம் உறுதி பெறுங்கள். இல்லையென்றால், இப்போதைய இடத்திலேயே தங்க முடிவு செய்தவரின் மேசைக்கு அவரைப் பற்றிய விசாரணை வந்து சேரும்.

அதே நிறுவனத்தில் மறுபடி விண்ணப்பிக்க நேர்ந்தால், பல இடங்களில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இடைவெளி கேட்கிறார்கள். அப்போது வரும் படிவத்தில் "இதற்கு முன் இங்கே விண்ணப்பித்ததுண்டா?" என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதி, எந்த மாதத்தில் எந்தப் பணிக்கான ஆஃபரிலிருந்து விலகினீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, அன்று அனுப்பிய மெயிலையும் அவர்களின் பதிலையும் கேட்டால் காட்டுவதற்குத் தயாராக வைத்திருங்கள்.